தோளில் முளைத்த சாட்சி

1

எங்கள் வண்டிக்கு ஒரே ஒரு பாட்டுதான். "சுராட் காபார் லாமா..." என்று ஒரு பெண் மலாயில் இழுத்துக் கூவுவாள். பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி என்று அடுக்கிக்கொண்டே போவாள். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. வண்டியை வாங்கியபோது ஒலிபெருக்கியோடு அவளும் வந்தாள். கிள்ளான் பக்கத்துக் குடியிருப்புகளில் காலை வெயில் ஏறுவதற்குள் நாங்கள் தெருத் தெருவாகப் போய்விடுவோம். நான் ஓட்டுவேன். மனைவியின் தம்பி குணா பின்னால் நின்று கட்டுகளை வாங்கி அடுக்குவான். இங்கே லாரியை லோரி என்பார்கள். எனக்கும் அதுவே வாய்க்குப் பழகிவிட்டது.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு காலை, சீனப் பாட்டி ஒருத்தி கேட்டுக்கு வெளியே பேப்பர் கட்டு ஒன்றை வைத்திருந்தாள். குணா அதை வழக்கம்போல் தோளுக்கு ஏற்றினான். அடுத்த நொடி கட்டு தரையில் கிடந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குந்திவிட்டான். சுளுக்கு என்று நினைத்து பின்பக்கம் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.

முதுகின் மேற்பகுதியிலும் தோள்களிலும் வரிசையாகக் கட்டிகள். கீழே புளியங்கொட்டை அளவு, தோளில் நாவற்பழ அளவு. கறுத்துச் சிவந்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன.

"எப்ப இருந்துடா இது?"

"நாலஞ்சு மாசமா அரிச்சிக்கிட்டே இருந்துச்சு மாமா. கொசுக்கடின்னு விட்டுட்டேன்."

"கொசு வரிசையில நின்னா கடிச்சிச்சு?"

அவன் சிரிக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா. தேவிக்குத் தெரிஞ்சா நான் முடிஞ்சேன்."

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கே தைப்பூசம் நம் ஊர் தைப்பூசம் அல்ல. பத்துமலையில் அன்றைக்குக் கூடும் கூட்டத்தில் சொந்த மனைவியைத் தொலைத்துவிட்டு மறுநாள் வீட்டில் கண்டுபிடித்தவர்கள் உண்டு. வேண்டுதல் வைத்தால் பெரும்பாலும் மூன்று வருடம் தொடர்ந்து செலுத்துவார்கள். குணாவின் மனைவி தேவிக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியது, பையன் பிறந்தான். மூன்று வருடம் காவடி எடுப்பதாக குணா வேண்டிக்கொண்டிருந்தான்.

முதல் வருடம் கன்னத்தில் மட்டும் வேல். வேலை உருவி விபூதியை அழுத்தினார்கள். ஒரு வாரத்தில் இடமே தெரியவில்லை. இரண்டாம் வருடம் முதுகு நிறையக் கொக்கி மாட்டி, ஒவ்வொன்றிலும் சின்னச் செம்பு தொங்கவிட்டு ஏறினான். அந்தக் கொக்கிகள் போன இடத்தில்தான் இப்போது கட்டிகள்.

ஒரு மண்டலம் விரதம் சுத்தமாக இருந்தவனுக்கு ரத்தமும் வராது, தழும்பும் நிற்காது என்பது இங்கே எல்லோரும் நம்பும் ஒன்று. தழும்பு நின்றால் விரதம் எங்கோ முறிந்திருக்கிறது. ஒன்று வாய், இல்லாவிட்டால் வேறு ஏதாவது.

ரகசியம் அன்று மாலையே போய்விட்டது. முதுகில் ஏறி விளையாடிய பையன் சட்டையை இழுக்க, தேவி பார்த்துவிட்டாள். அவனைக் காவடிக் குழுவின் தலைவர் ராஜு சாமியிடம் கூட்டிப்போனாள். பகலில் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மனிதர். கெட்டவர் அல்ல. பார்த்துவிட்டு, "முருகன் ஏத்துக்கலப்பா. எங்கயோ வழுக்கியிருக்க. அடுத்த வருஷம் உனக்கு நான் அலகு குத்த மாட்டேன்" என்றார்.

தேவி வீட்டுக்கு வந்து கேட்டது ஒன்றுதான். "புள்ள தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுங்க."

குணா மறுத்துவிட்டான். "நான் முறிக்கல. ஆனா அவன் தலையில கை வெக்க மாட்டேன்."

பொய் சொல்லாதவன் ஏன் மறுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். உண்மை சொல்பவனும் பிள்ளை தலையில் கை வைக்கப் பயப்படுவான் என்பது அவளுக்கு எட்டவில்லை. வேண்டுதல் முறிந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் வேறு அவளுக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டெங்கிலில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து லோரியின் பின்பக்கத்தில் பேச்சே இல்லை. அந்த மலாய்ப் பெண் மட்டும் கூவிக்கொண்டு வந்தாள்.

3

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், பம்பாயில் பாத்திரம் தேய்த்தேன், இங்கே வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைந்தேன். கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒருநாள் கேட்டேன், கொடுத்தார், வெளியேறினேன். எல்லோருக்கும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த லெட்சுமியைக் கட்டிக்கொண்டு வருடா வருடம் விசிட் பாஸ் புதுப்பிக்க வரிசையில் நின்று, கடைசியில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, ஐ.சி., வாங்கினேன். இதில் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் போல் வந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

ஆனால் குணாவின் முதுகு எனக்கு என் அப்பாவை ஞாபகப்படுத்தியது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல் அரைக்கும் ஆலையில் அவருக்கு வேலை. சாயங்காலம் வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். நாற்பது தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. தெரு முழுக்க ஒரே தீர்ப்பு: சாராயம் குடித்துக் கெட்டுப்போன உடம்பு. அவர் குடித்தார்தான், பக்கத்து வீட்டுக்காரர் குடித்ததில் பாதி. பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய பாடையைத் தூக்கினார்.

உடம்பில் ஒன்று தெரிந்தால் அதை மனிதனின் நடத்தைக்குச் சாட்சியாக நிறுத்துவது அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. ஒரே மாதிரி குத்தின ஐம்பது பேரில் ஒருவன் தோளில் மட்டும் இது ஏன் முளைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. குணாவைக் கட்டாயப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

4

கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் நான் அவனுக்கு என்ன உறவு என்று கேட்டாள். என் மலாய் லோரி மலாய். விலை, எடை, நாளை வா. இந்த மூன்றும் போதும் என்று இருபது வருடம் ஓட்டிவிட்டேன். 'பினி'யின் தம்பி என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'இஸ்திரி' என்று திருத்தினாள். பினி கொச்சையாம். மரியாதையாக மனைவியைச் சொல்ல இங்கே இருக்கும் சொல் நம் ஊரில் துணி தேய்க்கும் பெட்டி. லெட்சுமியிடம் இன்னும் சொல்லவில்லை.

டாக்டர் ரேணுகா இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டியை அழுத்திப் பார்த்ததும் கீலாய்டு என்றார்.

"காயம் ஆறும்போது கொலாஜன்னு ஒரு நார் போட்டு மூடும், அங்கிள். அந்த நார் போடுற செல், வேலை முடிஞ்சதும் நிறுத்திடணும். இவர் தோள்ல அது நிறுத்தல. சும்மா போட்டுக்கிட்டே இருக்கு."

"அப்ப கன்னத்துல ஏன் வரல?" என்றான் குணா.

"முகத்து நடுவுல, நாக்குல எல்லாம் இது வர்றது ரொம்ப அபூர்வம். தோள், நெஞ்சு இந்த மாதிரி இடத்துலதான் வளரும். சரி, வீட்ல யாருக்காச்சும் ஆப்பரேஷன் தழும்பு, காயம் இப்படிப் பெருசா வளந்திருக்கா?"

குணா என்னைப் பார்த்தான். நான் யோசித்தேன். யாருக்கும் ஆப்பரேஷனே ஆனதில்லை. இருவரும் சேர்ந்து இல்லை என்றோம்.

ஒரு பெரிய கட்டியை மட்டும் வெட்டி, மற்றதற்கெல்லாம் ஊசி போடலாம் என்றார். வெட்டிய இடத்திலேயே மறுபடி வளரவும் கூடும், அதனால் அங்கேயும் ஊசி தொடர வேண்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, வெட்டியதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டார். அவரும் இன்னும் சிலரும் ஒரு ஆய்வுக்கூடத்தில் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். செல்லின் ஆட்டோபேஜி. தன்னையே தின்பது.

"தன்னையேவா?" என்றேன்.

"செல்லுக்குள்ள தினமும் பழைய சாமான் சேரும் அங்கிள். உடைஞ்ச பாகம், கோணலா வந்த புரதம். அதை ஒரு பை மாதிரி சுத்திக் கட்டி, கரைச்சு, அதுல இருந்தே புதுசு செஞ்சுக்கும். பசி வந்தா இன்னும் வேகமா செய்யும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அட, இது எங்க தொழிலாச்சே! பழைய பேப்பர் எடுக்கிறோம், மில்லுக்குப் போய் அட்டைப் பெட்டியா வருது. அப்ப இவன் தோள்ல லோரி வரல. அதான் குப்பை சேந்து போச்சு."

"அப்படியும் இருக்கலாம். செல்லுக்குள்ள அதிகமா செஞ்ச நாரை வெளிய அனுப்பறதுக்கு முன்னாடியே தின்னுட்டா தழும்பு குறையும். ஆனா கல்லீரல்ல பாத்தா கதை வேற. அங்க தழும்பு போடுற செல்லு, தான் சேத்து வெச்ச கொழுப்ப இதே வழியில உடைச்சு, அந்த சக்தியில இன்னும் அதிகமா நார் போடும்."

"அதாவது..."

"உங்க லோரி வீட்டச் சுத்தமும் பண்ணும். எடுத்த சாமானை சுவர் கட்டுறவனுக்கும் கொண்டுபோய்க் குடுக்கும். எந்தத் தெருவுல எதைச் செய்யுதுன்னுதான் நாங்க பாக்கறோம். கீலாய்டுல சில பேர் அது கம்மின்றாங்க, சில பேர் ஜாஸ்தின்றாங்க."

என் உவமை பாதியில் பஞ்சராகி நின்றது. இருந்தாலும் விடவில்லை. கல்லீரலிலும் தழும்பு வருமா என்றேன். நுரையீரல், சிறுநீரகம், இதயம், எங்கும் வரும், வெளியே தெரியாது, அதற்கு ஃபைப்ரோசிஸ் என்று பெயர் என்றார். அப்போது அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கல் ஆலை, வெள்ளைப் புருவம், மூச்சு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தூசி வந்தா விழுங்கறதுக்குன்னே நுரையீரல்ல செல் இருக்கு. கல்லுத் தூசியையும் விழுங்கிடும். ஆனா கரைக்க முடியாது. கரைக்கிற பையே பழுதாயிடும். செத்துப்போற செல் மத்த செல்லைக் கூப்பிடும், வந்து நார் போட்டு மூடுங்கன்னு. உங்க அப்பாவ நான் பாத்ததில்ல, அதனால இதுதான்னு சொல்ல முடியாது. ஆனா கேக்கறதுக்கு அப்படித்தான் இருக்கு."

"சாராயத்தாலன்னாங்க."

"சாராயம் கல்லீரலுக்குப் போகும் அங்கிள். மூச்சுக்குழாய்க்குப் போகாது."

அப்புறம் குணா தனக்கு வேண்டியதைக் கேட்டான். "டாக்டர், விரதம் இருந்தா செல்லு தன்னையே தின்னும்னா, ஒழுங்கா விரதம் இருந்தவனுக்குத் தழும்பு கரையணும்ல? சாமி சொன்னது சரிதானா?"

"லேப்ல ஒரு டிஷ்ஷுல செல்லைப் போட்டு பட்டினி போட்டா தின்னுது, பாத்திருக்கோம். ஒரு மனுஷன் நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டா அவர் தோளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். இந்தக் கட்டியப் பாத்து நீங்க கோழி சாப்பிட்டீங்களா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும்."

குணா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டான். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த தாள். டாக்டர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

5

வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எங்கள் மகள் நிஷா ஸ்ரீ கெம்பாங்கானில் அறை எடுத்துப் படிக்கிறாள், லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் என்னோடு பேசுவது பாதி ஆங்கிலம். அன்றைக்கு அந்த ஆட்டோபேஜி என்ற சொல்லைச் சொன்னதும் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். பல மாதங்களில் நான் சொன்ன எதற்கும் அவள் தலை தூக்கியதில்லை.

"அப்பா, யூ நோ திஸ்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கோணல் கோடுகளுக்கு நடுவே ஒரு பை எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள், நான் லோரி பாஷையில் திருப்பிச் சொன்னேன், அவள் "கைன்ட் ஆஃப் லா" என்றாள். ஏறக்குறைய சரி என்று அர்த்தம்; லா என்பது இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும்.

லெட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "குடும்பத்துல யாருக்காச்சும் இருக்கான்னு டாக்டர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லன்னோம்."

அவள் கத்தியை வைத்தாள். இடது காதின் மேல் எப்போதும் இறக்கி வாரியிருக்கும் முடியை ஒதுக்கினாள். காது மடலின் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. கறுத்து, பளபளத்து.

"இது என்ன?" என்றாள்.

அதை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. இருபது வருடம் அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறேன். அது லெட்சுமியின் காது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிள்ளானில் ஒரு கடையில் இரண்டாவது கம்மலுக்குத் துளை போட்டாளாம். ஒரு மாதம் கழித்து வளர ஆரம்பித்ததாம். அன்றிலிருந்து முடியை இறக்கி வாரினாள். தம்பிக்கே தெரியாது.

"ரெண்டு ஆம்பளைங்க போயி, இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

நிஷா அம்மாவின் காதைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, பெய்ன் இருக்கா?"

"மழை வந்தா அரிக்கும்."

6

பண்டமாரானில் சின்னக் கோயில் ஒன்றின் பின்னால் தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை மாலை காவடிக் குழு கூடும் இடம் அது. அந்த வெள்ளிக்கிழமை லெட்சுமி தலையைக் கொண்டையாகத் தூக்கி முடிந்திருந்தாள். அப்படி அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. தேவியையும் போன் செய்து வரவழைத்திருந்தாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. தேவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோரமாக நின்றாள். குணா பக்கம் திரும்பவில்லை.

பூஜை முடிந்ததும் லெட்சுமி நேராக ராஜு சாமி முன்னால் போய் நின்று காதைத் திருப்பிக் காட்டினாள்.

"சாமி, இது ஸ்கூல் படிக்கும்போது கம்மல் குத்துனது. வேலு இல்ல, கொக்கி இல்ல. நான் எந்த விரதத்த முறிச்சேன்னு சொல்லுங்க."

உடுக்கை அடிக்கும் ஆள் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். ராஜு சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காதைப் பார்த்தார். அப்புறம் குணாவைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, அதையும் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே சாதிக் கட்டிதான்," என்றார்.

"ஒரே வயித்துப் பிள்ளைங்க சாமி," என்றாள் லெட்சுமி.

நான் ஆட்டோபேஜியை விளக்க வாயெடுத்தேன். லெட்சுமி என் காலை மிதித்தாள்.

ராஜு சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க குரு எனக்குச் சொன்னதத்தான் நான் சொன்னேன், தங்கச்சி. அவர் காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா. அப்ப, குணா..." நிறுத்தினார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இனி குத்தவே கூடாதுன்னாங்க சாமி."

"அப்ப குத்தாத. பால்குடம் எடு. அதோட உன் மூணாவது வருஷமும் முடிஞ்சதுதான். முருகனுக்குப் பால் போதும். கொக்கி வேணும்னு அவன் கேட்டானா, நாமதான் மாட்டிக்கிறோம்." அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "நான் சொன்னத மனசுல வெச்சிக்காத" என்றார்.

தேவி அதற்குள் உள்ளே வந்திருந்தாள். லெட்சுமியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத ஏன் முன்னாடியே காட்டல?"

"என் புருஷனே இருபது வருஷமா பாக்கல. நீ கேட்டா காட்டியிருப்பேன்."

தேவி பிள்ளையை குணாவின் கையில் கொடுத்தாள். பையன் அப்பாவின் தோளில் ஏறி, கட்டி ஒன்றை விரலால் அமுக்கினான். குணா "ஆ" என்றான். தேவி பையனின் கையை எடுத்துவிட்டாள்.

7

பெரிய கட்டி ஒன்றை வெட்டியபின் மாதா மாதம் ஊசி போட்டு வந்தார்கள். தைப்பூசத்துக்கு முன் கடைசி ஊசிக்குப் போனபோது குணா விரதத்தில் இருந்தான். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். ஊசி போட்டு முடித்த டாக்டர் ரேணுகா, "உங்க செல்லு நல்லா வளருது" என்றார்.

"என்னுதா? இன்னும் உயிரோட இருக்கா?"

"டிஷ்ஷுல இருக்கு. இந்த வாரம் அதுங்களப் பட்டினி போட்டிருக்கோம். பசியில தன்னைத் தின்னா நார் குறையுதா கூடுதான்னு பாக்க."

குணாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அந்த வருடத்தில் அன்றுதான் முதலில் பார்த்தேன். "அதுவும் விரதமா? எத்தன நாள் டாக்டர்?"

"நாளா? சில மணி நேரம். கூடிப்போனா ஒரு நாள்."

"ஒரு நாளா!" அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "முறிச்சிடாதுல்ல?"

"அங்க கோழி கெடைக்காது லா," என்றார் டாக்டர்.

முடிவு என்ன என்று நான் கேட்டேன். இரண்டு தடவை நார் குறைந்ததாம், மூன்றாவது தடவை கூடியதாம். ஏன் என்று தெரியவில்லை, மறுபடி செய்ய வேண்டும் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தமே இல்லை. ரொம்ப ருசியான ஒன்றைப் பாதி தின்றுவிட்டு மீதியை மூடி வைத்தவர் போல் இருந்தார். எனக்கும் அதே ருசி ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை மட்டும் ஏன் கூடியது? தெருத் தெருவாக லோரி ஓட்டும்போதெல்லாம் இப்போது இதைத்தான் யோசிக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் குடமும் மஞ்சள் துணியும் வாங்கினோம். தைப்பூசத்தன்று குணா பால்குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறினான். வெற்று முதுகு. கட்டிகள் கொஞ்சம் அமுங்கியிருந்தன, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி வரிசையாக இருந்தன. துண்டு போர்த்திக்கொள் என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்றான். தேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்படியில் வந்தாள். அவளுக்குப் பின்னால் லெட்சுமி, கொண்டையோடு. நான் கடைசி.

பாதிப் படியில் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த, மீசை வைத்த ஒருவர் குணாவின் முதுகைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "என்ன தம்பி இது? போன வருஷம் விரதத்துல எங்கயோ வழுக்கிட்டியா?"

குணா திரும்பக்கூட முடியாது, தலையில் குடம். பதில் தேவியிடமிருந்து வந்தது.

"அவர் வழுக்கல அங்கிள். அவரோட ஒரு துண்டு இன்னும் லேப்ல பட்டினி கெடக்குது. சந்தேகம்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

குணாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. குடத்தின் வாயைக் கட்டியிருந்த மஞ்சள் துணியைத் தாண்டி ஒரு சொட்டுப் பால் கழுத்து வழியே இறங்கியது. தோளில் மிச்சமிருந்த பெரிய கட்டியில் மோதி, அதைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று.